வழக்குரை காதையை நடித்துக் கற்பிப்பது எப்படி: ஆறு அமர்வுகளில் ஒரு வகுப்பறைப் பட்டறை

முதன்முதலில் மாணவர்களை வைத்துச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை மேடையேற்றியபோது சிலம்பு உடையவில்லை. கோயில் ஒன்றில் இரவல் வாங்கிய பித்தளைச் சிலம்பு அது. கண்ணகியாக நின்ற பெண் ஓங்கித் தரையில் அடித்தாள். அது ணங்கென்று எகிறி, உருண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரின் காலடியில் போய் நின்றது. அவர் நல்ல மனிதர். குனிந்து எடுத்து, "இந்தாம்மா" என்று கண்ணகியிடமே நீட்டினார். மயங்கி விழ வேண்டிய பாண்டியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிலம்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வாரம் நான் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி மூன்று நாளில் ஜிகினாக் கிரீடம் மாட்டி, "சரி, இப்போது நடியுங்கள்" என்றேன். பிள்ளைகள் மனப்பாடச் செய்யுளை வேடம் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரிசையைத் திருப்பிப் போட்டேன். முதலில் குரல், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் உரை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகும்.

ஏன் இந்தக் காதை

செய்யுள் நாடகம் என்றதும் தமிழாசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது 1891இல் வெளியான மனோன்மணீயம். 5 அங்கம், 20 களம். படிப்பதற்கென்றே எழுதிய நாடகம் என்று தோன்றும் அளவுக்கு நீளமான பேச்சுகள். கல்லூரிக்குச் சரி, பள்ளிப் பட்டறைக்குத் தாங்காது. சிலப்பதிகாரம் வடிவத்தில் காப்பியம்தான். ஆனால் அதன் 20ஆம் காதையில் ஒரு வாயில், ஒரு அரசவை, ஒரு வழக்கு, ஒரு சாட்சிப் பொருள், ஒரு தீர்ப்பு எல்லாம் இருக்கின்றன. கண்ணகி "வாயிலோயே" என்று கூப்பிடும் இடத்திலிருந்து கோப்பெருந்தேவி விழும் வரை எடுத்துக்கொண்டால் அறுபது அடிக்கும் குறைவு. ஒரு வகுப்பு முழுவதும் வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய அளவு.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் யாருக்கும் ஒத்துவரும். இருபது, இருபத்தைந்து பேர் இருந்தால் நல்லது. ஒவ்வோர் அமர்வும் ஒன்றரை மணி நேரம். அதாவது இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஒற்றைப் பாடவேளையில் பெஞ்சைத் தள்ளி, திரும்பப் போடுவதற்கே நேரம் போய்விடும்.

தேவையானவை: அகலமான ஒட்டும் டேப், ஒரு கயிறு, இரண்டு கோரைப்பாய், பழைய செய்தித்தாள், மைதாப் பசை, மஞ்சாடி விதை ஒரு கைப்பிடி, ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கும் வெள்ளைப் பாசி. பாடலை எல்லாருக்கும் ஒரு தாளில் சந்தி பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். தாளில் உரை இருக்கக் கூடாது. உரை இருந்தால் கண் அங்கேதான் போகும்.

முதல் அமர்வு: மேடையை விரலால் அளப்பது

பாட்டைத் தொடாதீர்கள். முதல் நாள் அதே காப்பியத்தின் அரங்கேற்று காதையிலிருந்து இரண்டு வரி மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள்:

எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து
ஒருகோல் உயரத்து உறுப்பினது ஆகி

மாதவி ஆடிய அரங்கின் அளவு. ஒரு கோல் என்பது 24 விரல் அகலம் என்று அதே காதை சொல்கிறது. யார் விரலால் அளப்பது என்ற சண்டை உடனே வரும். வரட்டும். நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் குழுவில் ஒருவரின் கட்டைவிரலை 24 முறை கயிற்றின்மேல் வைத்து ஒரு கோல் எடுக்கட்டும். பிறகு அந்தக் கயிற்றால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம் அளந்து தரையில் டேப் ஒட்டட்டும்.

விரல் அகலம் 2 செ.மீ. என்றால் கோல் 48 செ.மீ.; மேடை ஏறக்குறைய 3.4 மீட்டருக்கு 3.8 மீட்டர். சாதாரண வகுப்பறைக்குள் அடங்கிவிடும். தரையிலிருந்து மேடை ஏறக்குறைய ஒரு பெஞ்சு உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல் இடைவெளி என்றும் காதை சொல்கிறது. இங்கேதான் ஒருமுறை ஒரு மாணவி கணக்குப் போட்டு எழுந்தாள்: "சார், 4 கோல்னா ரெண்டு மீட்டர்கூட வரலை. மாதவி கையைத் தூக்கினா இடிக்குமே?" பெரிய விரல்காரன் ஒருவன் தன் குழுவின் கயிற்றைக் கொண்டுவந்தான். அதில் கோல் 60 செ.மீ., இடைவெளி 2.4 மீட்டர், கை தூக்கலாம். அந்தக் கயிற்றையே வைத்துக்கொள்வது என்று வகுப்பு முடிவு செய்தது. பழம்பாட்டில் இருக்கும் எண்ணை உடம்பால் சோதிக்கலாம் என்று தெரிந்துவிட்ட பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் பாட்டைக் கண்டு பயம் இருக்காது.

இந்த டேப் கட்டம்தான் இனி ஆறு நாளும் அரசவை. இரண்டு வாயில் விடுங்கள். அரங்கேற்று காதை மேடைக்கும் இரண்டு வாயில்தான்.

இரண்டாம் அமர்வு: நான்கு தட்டு

வட்டமாக நின்று, ஓர் அடிக்கு நான்கு கைத்தட்டு. ஆசிரியப்பாவில் அடிக்கு நான்கு சீர் என்பதை இலக்கணமாகச் சொல்லவே வேண்டாம், கை கற்றுக்கொள்ளும்.

தேரா / மன்னா / செப்புவ / துடையேன்

ஐந்து நிமிடத்தில் எல்லாரும் ஒரே தாளத்தில் கத்துவார்கள். அப்போது தட்டுவதை நிறுத்தி, தட்டு மனத்துக்குள் ஓட, வாயால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, சீருக்கு ஓர் அடி எடுத்துவைத்து நடக்க வேண்டும். "தேரா மன்னா" இரண்டும் நெடில் நிரம்பிய சீர்கள். கால் தானாகவே மெதுவாக விழும். "செப்புவ துடையேன்" என்னும்போது வேகம் கூடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளின் நடை மாறுவதை அன்று பார்ப்பீர்கள்.

பிறகு எதிர்ப்பக்கம். அரசன் கேட்கும் முதல் கேள்வி:

நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்
யாரை யோநீ மடக்கொடி யோய்

இதை முறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வராது. யகரமும் ஓகாரமும் குழைந்து வருகிற வரி அது. உதடு குவியும்போது முகம் கடுமையாக இருக்க முடியாது. பாண்டியனை வில்லனாக நடிக்க ஆசைப்படும் பையன்களுக்கு நான் எதுவும் விளக்குவதில்லை. இந்த வரியைப் பத்து முறை சொல்லச் சொல்வேன்.

இதை ராகம் போட்டுப் பாடலாமா என்று கேட்பார்கள். கிழக்கிலங்கையில் மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது 'கண்ணகி வழக்குரை' என்ற காவியத்தை இன்றும் பாடுகிறார்கள். கதை அதுதான், பாட்டு வேறு. எனவே பாடுவதற்கு மரபில் இடம் உண்டு. ஆனால் பட்டறையில் முதல் நான்கு நாள் பாட விடாதீர்கள். ராகம் வந்தால் சொல் ஒளிந்துகொள்ளும்.

மூன்றாம் அமர்வு: வாயிலோன் எதை விழுங்கினான்

பலரும் வாயிலோனை ஒரு ஓரத்து வேடமாக நினைத்து, வகுப்பில் வாயே திறக்காத பையனுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இந்தக் காதையிலேயே கற்பிக்கச் சுவையான இடம் அதுதான். வகுப்பிலேயே குறும்பான ஆளுக்குக் கொடுங்கள்.

கண்ணகி வாயிலோனிடம் சொல்வது இது:

வாயி லோயே வாயி லோயே
அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து
இறைமுறை பிழைத்தோன் வாயி லோயே
இணையரிச் சிலம்பொன்று ஏந்திய கையள்
கணவனை இழந்தாள் கடையகத் தாளென்று
அறிவிப் பாயே அறிவிப் பாயே

வாயிலோன் உள்ளே போய்ச் சொல்வது:

வாழியெம் கொற்கை வேந்தே வாழி
தென்னம் பொருப்பின் தலைவ வாழி
செழிய வாழி தென்னவ வாழி
பழியொடு படராப் பஞ்சவ வாழி

இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: அவள் சொன்னதில் இவன் எதைச் சொல்லவில்லை? கொஞ்ச நேரம் தாளைப் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது கண்டுபிடிப்பார்கள். "இறைமுறை பிழைத்தோன்" என்று அவள் வைததை இவன் அப்படியே விழுங்கிவிட்டான். விழுங்கியதோடு நிற்கவில்லை, "பழியொடு படராப் பஞ்சவ", பழியின் பக்கமே போகாதவனே என்று நேர்மாறாகச் சொல்லி வாழ்த்துகிறான். நான்கு அடிக்குள் ஆறு 'வாழி'. கெட்ட செய்தி கொண்டுபோகிறவன் வாசலில் நின்று நேரம் கடத்துகிறான்.

இதை நடிக்க வைக்கும் பயிற்சி எளிது. வாயிலுக்கும் அரியணைக்கும் நடுவே ஆறு இடத்தில் டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு 'வாழி'க்கும் ஒரு டேப் முன்னேற வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அடுத்து வருவது இன்னும் நல்ல இடம். அவள் கொற்றவை அல்லள், பிடாரி அல்லள், காளி அல்லள், தாருகனைக் கிழித்தவளும் அல்லள் என்று அடுக்குகிறான். 'அல்லள்' என்று சொல்லச் சொல்ல அவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவர்கள்தான். நான்கைந்து மாணவிகளைப் பின்சுவரோடு நிற்கவைத்து, பெயர் வரும்போது ஒவ்வொருவராகத் தலைநிமிரச் சொல்லுங்கள். வேடம் எதுவும் வேண்டாம். பள்ளிச் சீருடையிலேயே வாயிலோனுக்கு வியர்க்கும்.

அவன் பேச்சு முடிவது "கணவனை இழந்தாள் கடையகத் தாளே" என்று இரண்டு முறை. முதல் முறை அரசனுக்கு. இரண்டாவது யாருக்கு? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு பையன் தனக்குத்தானே சொன்னான், இன்னொருவன் அரசியைப் பார்த்துச் சொன்னான். இரண்டும் நன்றாக இருந்தன.

நான்காம் அமர்வு: பதினான்கு அடி

"தேரா மன்னா" முதல் "கண்ணகி என்பதென் பெயரே" வரை பதினான்கு அடி. அரசன் கேட்டது "நீ யார்" என்று மட்டும். அவள் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறாள். முதலில் ஊர், ஊருக்கு முன் அந்த ஊரின் அரசர்கள்: புறாவின் துயர் தீர்த்தவன், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவன். பிறகு குலம், மாமனார், கணவன். பெயர் கடைசி.

இதை ஒரே ஆளுக்குக் கொடுக்காதீர்கள். வகுப்பில் ஐந்து கண்ணகிகள் இருக்கட்டும், பையன்களும் சேரட்டும். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் கண்ணகி வேடம் கட்டியதே பையன்கள்தான் என்றால் வெட்கம் போய்விடும். ஐவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து நின்று, பேச்சை அஞ்சல் ஓட்டம் மாதிரி கைமாற்ற வேண்டும். எங்கே கைமாற்றுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். முதல்முறை எல்லாரும் அடியின் முடிவில் மாற்றுவார்கள். அது தப்பு என்று இந்த வரி காட்டிக்கொடுக்கும்:

பெரும்பெயர்ப் புகாரென் பதியே அவ்வூர்
ஏசாச் சிறப்பின் இசைவிளங்கு பெருங்குடி

வாக்கியம் "பதியே" என்பதில் முடிகிறது, அடி முடியவில்லை. "அவ்வூர்" அடுத்த வாக்கியத்தின் தொடக்கம். மூச்சை வாக்கியத்துக்கு எடுப்பதா, அடிக்கு எடுப்பதா? இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கட்டும். "பதியே" என்று நிறுத்தி, மூச்சு எடுக்காமல், "அவ்வூர்" என்று அடுத்த அடிக்குள் தாவினால் கண்ணகி அவையை இடைமறிக்க விடவில்லை என்று தெரியும். செய்யுளைப் பேச்சாக்கும் கலையில் பாதி இந்த ஒரு தாவலில் இருக்கிறது.

இந்த அமர்வில் சத்தம் போட அனுமதி இல்லை. பதினான்கு அடியையும் முதலில் கிசுகிசுத்துச் சொல்ல வேண்டும். கோபம் என்றால் கத்தல் என்று சினிமா கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் இங்கே அவள் வாதாட வந்தவள். "வாயிற் கடைமணி நடுநா நடுங்க" என்பதில் கடைமணி வாசல் மணி. அடுத்த அடியில் "ஆவின் கடைமணி உகுநீர்" என்னும்போது அதே சொல் பசுவின் கடைக்கண்ணாகிவிடுகிறது. கத்தினால் இந்த நுணுக்கம் காற்றில் போகும். கேட்பவர்களில் ஒருவர் அரசியாக நிற்கட்டும். காதையின் தொடக்கத்தில் அவள் கண்ட தீக்கனவிலும் ஒரு கடைமணி நடுங்கியது. கண்ணகி வாயில் 'கடைமணி' வரும்போது அரசி என்ன செய்கிறாள் என்று அவளிடமே விடுங்கள்.

"மாசாத்து வாணிகன் மகனை ஆகி" என்ற இடத்தில் எல்லாரும் தடுக்குவார்கள். மகன் ஆகி என்றுதான் பொருள், அந்த 'ஐ' வேற்றுமை உருபு இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள்.

பேச்சின் கடைசி அடியைக் கவனியுங்கள்: "கண்ணகி என்பதென் பெயரே எனப் பெண்ணணங்கே". அவள் பெயர் சொன்ன அதே அடியில் அரசன் பேசத் தொடங்கிவிடுகிறான். ஆகவே இடையில் அழுத்தமான மௌனம், பின்னணி வயலின் எதுவும் கிடையாது. நடுவில் வரும் "என" போன்ற கதை சொல்லும் சொற்களை வெட்டிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கூத்தில் பின்பாட்டுக்காரர் இருப்பதுபோல, வேடம் இல்லாத மாணவர்கள் எல்லாம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் சொற்களைச் சொல்லட்டும். யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் அமர்வு: உடையும் சிலம்பு

சிலம்பு செய்யும் முறை: செய்தித்தாளை முறுக்கி வளையமாக்குங்கள். அதன்மேல் மைதாப் பசை தடவிய தாள் துண்டுகளை மூன்று அடுக்கு ஒட்டி இரண்டு நாள் காயவையுங்கள். வளையத்தை பிளேடால் மேல்பாதி, கீழ்பாதியாக அறுத்து உள்முறுக்கை உருவிவிடுங்கள். இதை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகள் கையில் பிளேடு வேண்டாம். கீழ்பாதியில் மஞ்சாடி விதையைப் போட்டு, மேல்பாதியை மூடி, விளிம்பில் ஒரே ஒரு அடுக்கு மெல்லிய தாள் ஒட்டி, பொன்வண்ணம் பூசுங்கள். தரையில் அடித்தால் ஒட்டிய இடத்தில் பிளந்து செம்மணி தெறிக்கும். குறைந்தது நான்கு செய்துகொள்ளுங்கள், ஒத்திகைக்கும் வேண்டும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணி போடாதீர்கள், அது விஷம்.

இன்னொன்றில் வெள்ளைப் பாசி போட்டு வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கி, எது முத்து, எது மாணிக்கம் என்று வகுப்பு சொல்லட்டும். விளையாட்டுதான். ஆனால் கண்ணகி சொல்லும் "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே", அரசன் சொல்லும் "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்ற இரண்டு வரியும் (அரி என்றால் சிலம்புக்குள் இருக்கும் பரல்) அதற்குப் பிறகு யாருக்கும் மறக்காது.

அடுத்த கேள்வி இதுதான்: எந்தச் சிலம்பை உடைக்க வேண்டும்? கண்ணகி கையில் ஒன்று இருக்கிறது. பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் உடைப்பார்கள். காலண்டர் படங்களில் கையில் உயர்த்திய சிலம்பைத்தானே பார்த்திருக்கிறோம். அவர்களை உடைக்க விட்டுவிட்டு, அரசனாக இருப்பவனிடம், "உனக்கு இது சாட்சியா?" என்று கேளுங்கள். அவள் சிலம்பில் மாணிக்கம் இருந்தால் அவள் சிலம்பில் மாணிக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். கோவலனிடம் பிடித்த சிலம்புக்கு அது எப்படிச் சாட்சியாகும்? பிறகு தாளைப் பார்க்கச் சொல்லுங்கள்:

தருகெனத் தந்து தான்முன் வைப்பக்
கண்ணகி அணிமணிக் காற்சிலம்பு உடைப்ப
மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே

அரசன் கொண்டுவரச் சொல்லி, தானே முன்னால் வைத்த சிலம்பு. உடைய வேண்டியது அது. மேடை அசைவும் வழக்கின் தருக்கமும் ஒன்றாகும் இடம் இது. ஒருமுறை இந்த விவாதம் நாற்பது நிமிடம் ஓடியது, அன்று வேறு எதுவும் நடக்கவில்லை. நான் நிறுத்தவில்லை.

ஆறாம் அமர்வு: ஓவும் ஏவும்

யானோ அரசன் யானே கள்வன்

நான்கு சீர். 'யானோ', 'யானே' இரண்டுக்கும் கடைசி உயிர் மட்டும்தான் வேறு. ஓகாரம் 'நானா அரசன்?' என்று தன்னையே மறுக்கிறது. ஏகாரம் 'நானேதான்' என்று உறுதி செய்கிறது. மாணவர்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தி, 'யானோ', 'யானே' என்ற இரண்டு சொற்களை மட்டும் ஐந்து நிமிடம் மாற்றி மாற்றிச் சொல்லவையுங்கள். ஓவுக்கு வாய் குவிகிறது, ஏவுக்கு விரிகிறது. பல்லைக் காட்டாமல் 'யானே' சொல்வதே ஒரு பயிற்சி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது என்பது அரசனாக நடிப்பவரின் உரிமை. இந்த ஒரு மௌனத்தில் மட்டும் நீங்கள் தலையிடாதீர்கள்.

இப்போது உரை. இதுவரை பொருள் தெரியாமல் நின்ற சொற்களை ஒரு பட்டியலாக மாணவர்களே எழுதிக் கொடுப்பார்கள். நான் செய்த பட்டறைகளில் அது ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. உரைநூலை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

விழுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நின்ற நிலையிலிருந்து பொத்தென்று விழக் கூடாது. முழங்கால், இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் மடிந்து பாயில் படுக்க வேண்டும். கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போகும். அரசனுக்கு ஒரு பாய், அரசிக்கு ஒரு பாய்.

அரசிதான் இந்தக் காட்சியின் கடினமான வேடம். கனவைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவள், வழக்கு முடியும் வரை ஒரு சொல் பேசுவதில்லை. "கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்" என்ற ஒற்றை வரிக்காகக் காத்திருக்கிறாள். கண்ணகி ஆகக் கிடைக்காத வருத்தத்தில் இருக்கும் நல்ல நடிகையை இங்கே போடுங்கள். அவளை அரசனுக்குப் பின்னால் நிறுத்தாமல், சிலம்பு உடையும் இடத்துக்கு நேரே உட்கார வையுங்கள். மணி தெறிக்கும்போது அவள் முகம் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும்.

பார்வையாளர் என்றால் பக்கத்து வகுப்பு போதும். மைக் வேண்டாம், கிரீடம் வேண்டாம். டேப் கட்டத்தின் மூன்று பக்கமும் தரையில் உட்காரட்டும். மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் மனப்பாடத்துக்குப் போடாதீர்கள். வாயிலோன் எதை ஏன் மறைத்தான், எந்தச் சிலம்பு ஏன் உடைந்தது என்று நின்றபடி இரண்டு நிமிடம் சொல்லச் சொல்லுங்கள்.

முடிந்ததும் விதைகளைப் பொறுக்குங்கள். சிலம்பில் போடும்போதே எண்ணி வைத்திருந்தால் நல்லது. மஞ்சாடி விதை உருண்டு பெஞ்சுக் காலுக்கு அடியில் போய் ஒளியும். மறுநாள் காலை முதல் பாடவேளை கணக்கு ஆசிரியர் அதில் கால் வைத்தால், அடுத்த வருஷம் உங்களுக்கு இரண்டு பாடவேளை சேர்த்துக் கிடைக்காது.